மருந்தே அடிக்க வேண்டாத திராட்சையா? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ரீஜண்ட் என்ற சிவப்பு ஒயின் திராட்சையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஜெர்மனியில் உருவான கலப்பு ரகம், பூஞ்சை நோய்களைத் தாங்கும், வீட்டுத் தோட்டத்துக்கும் ஏற்றது என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்குமேல் ஒரே கேள்விதான், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் நாற்றுப் பண்ணையில் "மருந்து தேவையில்லை" என்று சீட்டு கட்டி விற்ற ரீஜண்ட் கன்றை வாங்கித் தென்புறச் சுவர் ஓரம் நட்டேன். இந்தக் கோடையில் இலைகளில் சின்னச் சின்னதாகக் கரும்புள்ளிகள். நோய் வராது என்றார்களே, ஏமாந்துவிட்டேனா? – வாசகி, கார்ல்ஸ்ரூஹ

அந்தச் சீட்டை எழுதியவர்மேல் எனக்கும் கோபம் உண்டு அம்மா, ஆனால் செடிமேல் கோபப்படாதீர்கள். நீங்கள் பார்த்த புள்ளி பெரும்பாலும் செடி தோற்றதன் அடையாளம் இல்லை, சண்டை போட்டதன் தழும்பு. இலையின் அடியில் வெள்ளையாகப் படரும் அடிச்சாம்பல் நோயின் (டவுனி மில்டியூ) விதைத்தூள் மழைத்துளியோடு தெறித்து இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டி, அங்குள்ள மூச்சுத் துளைகள் வழியாக உள்ளே நுழையும். சாதாரண ரகம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ரீஜண்ட் கண்டுகொள்கிறது, கண்டுகொண்டதும் அந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்துவிடுகிறது. இந்த நோய்க்கிருமி உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கும், செத்த செல்லில் அதற்குச் சாப்பாடு இல்லை. அதோடு சுற்றியுள்ள செல்கள் ரெஸ்வெரட்ரால் வகையைச் சேர்ந்த நச்சுப் பொருள்களைத் தயாரித்து வழியை அடைக்கின்றன. கரும்புள்ளி என்பது இப்படிக் காவு கொடுத்த இடம்.

சரி, எது தழும்பு எது நோய் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் ஈரம் காயும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி ஊசிமுனை அளவில் காய்ந்துபோய், அடியில் சுத்தமாக இருந்தால் கவலை வேண்டாம். மேலே எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் வட்டம், அடியில் வெள்ளைப் பஞ்சு என்றால் நோய் உள்ளே வந்துவிட்டது. இதே இலையில் பழுப்புத் திட்டும் அதைச் சுற்றிக் கருத்த விளிம்பும், நடுவே வட்டமாகக் குட்டிக் குட்டிக் கருமணிகளும் தெரிந்தால் அது வேறு விஷயம், கரும் அழுகல். அதற்கு எதிராக ரீஜண்டிடம் பெரிதாக ஆயுதம் இல்லை.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அப்படி ஒரு சீட்டு கட்டிய கன்றுதான் கிடைத்தது, நானும் அதை நம்பித் தெளிப்பானைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2021 கோடையில் மழை விடாமல் பெய்ததே, அந்த ஜூலையில் பட்டாணி அளவில் இருந்த காய்களில் பாதிக்குமேல் சுருங்கிக் கருத்துத் தொங்கின. பக்கத்து வீட்டுக்காரர் பூக்கும் சமயத்தில் இரண்டே தடவை மருந்து அடித்திருந்தார், அவருடைய கொடியில் குலைகள் முழுசாக நின்றன. "நோய் தாங்கும்" என்பதும் "நோய் வராது" என்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேள்வி: ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான வருடமாகத் திராட்சை விளைகிறது. அப்போதெல்லாம் மருந்து ஏது? இப்போது மட்டும் ஏன் இந்தப் பாடு? – வாசகர், ஸ்டுட்கார்ட்

நோய் இங்கே பிறந்ததில்லை, கப்பலேறி வந்தது. வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சைகள் இந்தப் பூஞ்சைகளோடு காலங்காலமாகச் சேர்ந்து வளர்ந்தவை, அதனால் அடிவாங்கி அடிவாங்கித் தாங்கப் பழகிவிட்டன. ஐரோப்பாவின் ஒயின் திராட்சை அவற்றைப் பார்த்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்வக்கோளாறில் அமெரிக்கக் கொடிகளைத் தோட்டம் தோட்டமாக இறக்குமதி செய்தார்கள், கூடவே எல்லாம் வந்து இறங்கின. 1845ல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் ஒரு கண்ணாடிக் கொட்டகையில், மாவு தூவியது போல இலைமேல் படரும் சாம்பல் நோய் தெரிந்தது. 1860களில் பிரான்ஸின் தெற்கே வேரைத் தின்னும் பிலாக்ஸெரா பூச்சி. அதற்குத் தீர்வாக அமெரிக்க வேரை இன்னும் அதிகமாகக் கொண்டுவந்தார்கள், அதற்குப் பிறகு 1878ல் அடிச்சாம்பல் நோய். ஒன்றுக்கு வைத்தியம் தேடப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டார்கள்.

சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் கிடைத்தது. அடிச்சாம்பலுக்கு மருந்து கிடைத்தது ஒரு திருட்டுப் பயத்தால். பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் போவோர் வருவோர் பழம் பறிக்காமல் இருக்க மயில்துத்தத்தையும் (செம்பு உப்பு) சுண்ணாம்பையும் கலந்து நீலமாகப் பூசிவைப்பார்கள். 1882ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியே போனபோது, தோட்டத்தின் நடுவே இலையெல்லாம் கொட்டிக் கிடக்க, சாலையோரத்து வரிசை மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். 1885ல் அதை முறையாகச் சோதித்து வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. நூற்று நாற்பது வருடமாகியும் அதை விட முடியவில்லை. இயற்கை விவசாயம் செய்கிறவர்களும் செம்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். செம்பு மண்ணில் மக்காது, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்குமேல் போடக் கூடாது என்று வைத்திருக்கிறது. தாங்கும் ரகம் வேண்டும் என்று இத்தனை பேர் மெனக்கெட்டது இதற்காகத்தான், மருந்துச் செலவை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல.

கேள்வி: ரீஜண்ட் மரபணு மாற்றப்பட்டதா? அப்படியென்றால் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. – வாசகி, மான்ஹைம்

இல்லை. 1967ல் அந்தத் தொழில்நுட்பமே கிடையாது. ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதியில் ஸீபெல்டிங்கன் கிராமத்துக்கு அருகே கைல்வைலர்ஹோஃப் என்ற திராட்சை ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே கெர்ஹார்ட் ஆல்லெவெல்ட் செய்த கலப்பு இது. தாய் டயானா என்ற வெள்ளை ரகம், அதுவே ஸில்வானருக்கும் முல்லர்-துர்காவுக்கும் பிறந்தது. தந்தை ஷாம்பூர்ஸன், பிரான்ஸில் உருவான கறுப்புக் கலப்பினம். அமெரிக்க ரத்தம் முழுக்க அந்த அப்பா வழியில் வந்ததுதான்.

வேலை என்னவென்றால், தாய்க் கொடியின் பூங்கொத்தில் ஒவ்வொரு குட்டிப் பூவின் தொப்பியையும் மகரந்தப் பையையும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, உறை போட்டு மூடி, தந்தையின் மகரந்தத்தைத் தடவி, மறுபடி மூடிவைக்க வேண்டும். பழத்தில் வரும் விதைகளை முளைக்கவைத்தால் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல. பெரும்பாலானவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மிச்சத்தைக் காய்க்கவிட்டு, ஒயின் செய்து, ருசி பார்த்து, நல்ல வருடம் கெட்ட வருடம் எல்லாம் பார்த்து, வேறு வேறு மண்ணில் நட்டுப் பார்த்து... ரீஜண்ட் விவசாயிகள் கைக்கு முறையாக வந்தது 1996ல். கிட்டத்தட்ட முப்பது வருடம்! ஒரு ஆராய்ச்சியாளர் தன் வேலைக்காலம் முழுக்க உழைத்து இரண்டு மூன்று ரகம் கொடுத்தாலே பெரிய விஷயம்.

இப்போது கன்று சிறியதாக இருக்கும்போதே ஒரு இலைத்துண்டை எடுத்து, தாங்கும் மரபணு வந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுகிறார்கள். அது பார்ப்பது மட்டும்தான், எதையும் உள்ளே செருகுவதில்லை. இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க உதவியதும் ரீஜண்டின் பிள்ளைகள்தான். ரீஜண்டையும் லெம்பெர்கர் என்ற பழைய சிவப்பு ரகத்தையும் கலந்து வளர்த்த கன்றுகளை வைத்து, அடிச்சாம்பலைத் தாங்கும் இடம் எந்தக் குரோமோசோமில், சாம்பல் நோயைத் தாங்கும் இடம் எதில் என்று வரைபடம் போட்டார்கள்.

கேள்வி: என் மாமியார் பிரான்ஸின் அல்சாஸ் பக்கத்து ஆள். "கலப்புத் திராட்சை ஒயின் குடித்தால் புத்தி பேதலிக்கும், கண் போகும், அதனால்தான் அரசாங்கமே தடை செய்தது" என்கிறார். உண்மையா? – வாசகர், கெல்

தடை உண்மை, பேதலிப்பு கட்டுக்கதை. 1934 டிசம்பரில் பிரான்ஸ் ஆறு ரகங்களுக்குத் தடை போட்டது: நோவா, ஒதெல்லோ, இஸபெல், ஜாக்கே, கிளிண்டன், எர்பெமோன். எல்லாம் அமெரிக்கக் காட்டு ரகங்களுக்கு நெருங்கிய பழைய தலைமுறை. இவற்றின் ஒயினில் மெத்தனால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது மெய்தான், ஆனால் கண்ணைப் பறிக்கிற அளவெல்லாம் கிடையாது. அப்புறம் ஏன் தடை? நாட்டில் ஒயின் ஆறாக ஓடி விலை சரிந்துகிடந்த காலம் அது. மருந்து இல்லாமல், செலவில்லாமல், கொல்லைப்புறத்தில் தாறுமாறாகக் காய்க்கிற கொடி சந்தைக்கு வேண்டாத விருந்தாளி. அதோடு அந்த ஒயினில் ஒரு வாடை இருக்கும், நரிவாடை என்று பெயரே வைத்துவிட்டார்கள். ருசியில் குறை, விலையில் சரிவு, இரண்டுக்கும் சேர்த்து உடம்புக்குக் கேடு என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் வேலை சுலபமாக முடிந்தது. என் அபிப்பிராயத்தில் அந்த முத்திரைதான் அடுத்த அறுபது, எழுபது வருடம் நல்ல கலப்பினங்களையும் சேர்த்துப் பழிவாங்கியது.

இதில் ரீஜண்ட் தப்பித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தரமான ஒயின் என்று சீட்டு ஒட்டி விற்க ஐரோப்பியத் திராட்சை இனமாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஜெர்மானிய அதிகாரிகள் ரீஜண்டின் இலை, குலை, ஒயின் எல்லாவற்றையும் பார்த்து, தலைமுறை தலைமுறையாக ஐரோப்பிய ரகங்களோடு கலந்து கலந்து இது ஐரோப்பியத் திராட்சையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிட்டது என்று, அந்த இனத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள். ஆவணத்தில் அது கலப்பினமே இல்லை! 2021ல் ஐரோப்பிய ஒன்றியம் விதியை மாற்றி, ஊர்ப்பெயர் பாதுகாப்புள்ள உயர்தர ஒயின்களிலும் கலப்பு ரகங்களைச் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பழைய ஆறு மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. மாமியாரிடம் வாதம் செய்யாதீர்கள். எந்த ரகம் என்று சொல்லாமல் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ருசி எப்படி? அப்படியே பழமாகத் தின்னலாமா? – வாசகி, மைன்ஸ்

தின்னலாம், நன்றாக இனிக்கும். ஆனால் பழம் சிறிசு, விதை உண்டு, தோல் தடிமன். சாறு பிழிய அருமை. ஒயின் என்றால் நல்ல கருஞ்சிவப்பு, செர்ரி வாசம், மென்மையான துவர்ப்பு, புளிப்பு குறைவு. நரிவாடை துளியும் இல்லை. ஷ்பேட்புர்குண்டரின் (பினோ நுவார் திராட்சைக்கு ஜெர்மானியப் பெயர்) நுணுக்கத்தை எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான், அன்றாடச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள ஒரு குறையும் சொல்ல முடியாது.

கேள்வி: நான் சிறு அளவில் ஒயின் திராட்சை வைத்திருக்கிறேன். ரீஜண்ட் பயிரிட்டால் ஒரு தடவைகூட மருந்து அடிக்காமல் சமாளிக்கலாம் என்கிறார் நண்பர். இன்னொருவர், இந்தத் தாங்கும் சக்தியே சில வருடத்தில் போய்விடும் என்கிறார். யாரை நம்புவது? – வாசகர், லாண்டாவ்

இரண்டு பேரும் ஒரே கதையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் ஐயா. நண்பர் சொன்னபடி செய்தால், மற்றவர் சொன்னது நடக்கும்.

ரீஜண்டில் அடிச்சாம்பலைத் தாங்குவதற்கு முக்கியமாக இருப்பது ஒரே ஒரு மரபணு இடம், அதற்கு ஆர்பிவி-3 என்று பெயர். ஒரு வீட்டுக்கு ஒரே பூட்டு மாதிரி. பூஞ்சை வருடத்துக்குப் பல தலைமுறை பெருகும், கோடிக்கணக்கான விதைத்தூள், அதில் ஏதாவது ஒன்றுக்குச் சாவி அமைந்துவிட்டால் போதும். இது கற்பனைப் பயம் இல்லை. ஹங்கேரியில் உருவான பியான்கா என்ற ரகத்திலும் அதே ஆர்பிவி-3தான், அதன் தடுப்பைத் தாண்டி வளரும் அடிச்சாம்பல் வகைகளை 2010 வாக்கிலேயே ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். மருந்தே அடிக்காத தோட்டத்தில் என்ன நடக்கும்? பலவீனமான கிருமி எல்லாம் செடியிடம் செத்துப்போகும், செடியை ஏமாற்றத் தெரிந்தது மட்டும் போட்டியே இல்லாமல் பெருகும். நாமே பொறுக்கி வளர்த்துவிட்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் தோட்டத்தோடு போனாலும் பரவாயில்லை, காற்றுக்கு வேலி ஏது?

அதனால் செய்ய வேண்டியது, பூப்பதற்குச் சற்று முன்னும் பூ உதிர்ந்த பிறகும், அதாவது இளங்காய் மிக மென்மையாக இருக்கிற அந்த மூன்று நாலு வாரத்தில், இரண்டு அல்லது மூன்று தெளிப்பு. மழை வருடமென்றால் இன்னொன்று. சாதாரண ரகங்களுக்கு ஒரு பருவத்தில் எட்டு, பத்து என்று அடிக்கிறார்களே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் மிச்சம், சக்கரம் மண்ணை அமுக்குவது குறைவு, மழைநாளில் சரிவில் டிராக்டர் ஓட்டும் வயிற்றுக்கலக்கமும் குறைவு. இதே தெளிப்பு கரும் அழுகலையும் கட்டுப்படுத்தும், மருந்தை முழுக்க நிறுத்தினால் தலைதூக்குவது பெரும்பாலும் அதுதான்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஒரு பூட்டுக்குப் பதிலாக இரண்டு, மூன்று போட வேண்டும். புதிய ரகங்களில் அதைத்தான் செய்கிறார்கள். பிரான்ஸில் 2018ல் பதிவான ஆர்தாபான், விடோக் என்ற இரண்டு சிவப்பு ரகங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மஸ்கடைன் என்ற தூரத்துச் சொந்தத் திராட்சையிலிருந்து வந்த தடுப்பு, இன்னொரு பக்கம் ரீஜண்டிலிருந்து வந்தது, இரண்டும் ஒரே செடியில். கலப்பினத்தை ஓட ஓட விரட்டிய நாடு கடைசியில் ரீஜண்டைச் சம்பந்தி ஆக்கிக்கொண்டது. ஜெர்மனியில் ரீஜண்ட் ஒரு கட்டத்தில் 2000 ஹெக்டேரைத் தாண்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. புதுக் கொடி நடுகிறவர்கள் இந்த இரட்டைப் பூட்டு ரகங்களையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே ரீஜண்ட் வைத்திருப்பவர்கள் பிடுங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கேள்வி: அதென்ன ரீஜண்ட் என்று ராஜாங்கப் பெயர்? – வாசகர், ஹைடில்பெர்க்

ஜெர்மானியர் "ரெகெண்ட்" என்று உச்சரிப்பார்கள். பிரெஞ்சு அரச நகைகளில் இருந்த ஒரு வைரத்தின் பெயர் அது. அந்த வைரம் கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் சுரங்கத்தில் எடுத்தது, வாங்கியவர் அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட். 1717ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான் பிரபுவுக்கு விற்றார், ரீஜண்ட் என்ற பெயர் அவருடைய பதவியால் வந்தது. வைரம் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரளவில் நமக்கும் ஒரு பந்தம்!

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பத்துப் பதினைந்து கொடி வைக்க ஆசை. அனுமதி வேண்டுமா? நண்பர் வீட்டுக் கொடியிலிருந்து குச்சி வெட்டி ஊன்றினால் போதுமா? – வாசகி, வோர்ம்ஸ்

100 சதுர மீட்டருக்குள், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் ஜெர்மனியில் அனுமதி தேவையில்லை, ஆனால் பழத்தையோ ஒயினையோ விற்கக் கூடாது. நீங்கள் ஒயின் வட்டாரத்துக்குள்ளேயே இருப்பதால் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

குச்சி ஊன்றுவது வேண்டாம். ரீஜண்டின் இலை தாங்கும், வேர் தாங்காது. பிலாக்ஸெராவுக்கு அது மற்ற ஐரோப்பிய ரகம் போலத்தான். அமெரிக்க வேரில் ஒட்டிய ஒட்டுக் கன்றாகவே வாங்குங்கள், அடியில் என்ன வேர்க்குச்சி என்று கேளுங்கள், எஸ்ஓ-4, கோபர் 5பிபி என்று ஏதாவது சொல்வார்கள். நடும்போது ஒட்டுக் கட்டிய முண்டு மண்ணுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். புதைத்துவிட்டால் மேல்பகுதியே வேர் விட்டுவிடும், ஒட்டுக் கட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். உறைபனிப் பயம் தீர்ந்த மே மாதம் நடலாம். முதல் இரண்டு வருடம் காய்க்கு ஆசைப்படாதீர்கள், பூங்கொத்தைக் கிள்ளிவிட்டு வேர் பிடிக்க விடுங்கள். கவாத்து குளிர் முடியும் சமயத்தில், பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில். கை நடுங்காமல் வெட்டுங்கள், போன வருடக் கிளையில் பத்தில் ஒன்பது பங்கு போகத்தான் வேண்டும். கோடையில் குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கொஞ்சம் எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள், அது பாதி மருந்துக்குச் சமம்.

கடைசியாக ஒரு எதிரி பாக்கி இருக்கிறது, அது பூஞ்சை இல்லை. ரீஜண்ட் சீக்கிரம் பழுக்கும், கறுப்புப் பழம். செர்ரிக் காடி ஈ என்று ஒன்று ஆசியாவிலிருந்து வந்திருக்கிறது, 2014ல் இந்த நாட்டுச் சிவப்புத் திராட்சைகளை ஒரு வழி பண்ணிவிட்டது. பழுத்த பழத்தில் துளை போட்டு முட்டை வைக்கும், அப்புறம் தோட்டமே காடி வாசம் அடிக்கும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நெருக்க வலையைக் கட்டிவிடுங்கள். பறவைக்கென்று விற்கிற வலை உதவாது, கண் பெரிசு, ஈ நேராக உள்ளே போய்விடும்.